பத்தாம் திகதிச் சாமான்: கடைக்காரர் கூடையை நிரப்புவதற்கு முன் நாம் நிரப்பும் வழி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம். அதற்கு முதல் நாளே ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா கடைகளில் பிஸ்கட் பெட்டிகள் வாசலுக்கு வந்துவிடும். தோட்டச் சந்திக் கடையில் புதுப் பக்கட் சரங்கள் தொங்கும். சாமான் கம்பனியின் வண்டி வந்து போன அடையாளம் அது. யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால், அரிசி, மா, பருப்புக்கென்று எடுத்துப்போன காசில் ஒரு பகுதி வேறெதற்கோ போயிருக்கும்.

சின்னப் பக்கட் வாங்குகிறவருக்குக் கணக்குத் தெரியாது என்று டவுனில் பலர் பேசுவார்கள். அது தவறு. கையில் நூறு ரூபா இருக்கும் நாளில் நானூறு கிராம் பால்மா வாங்க முடியாது. இருபது கிராம் பக்கட்தான் வாங்கலாம். கம்பனிக்கு இது நன்றாகத் தெரியும். பக்கட்டின் அளவு, தட்டின் உயரம், விலைக் கழிவு போடும் நாள் எல்லாம் இதைப் பார்த்துத்தான் தீர்மானமாகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் ‘ஆசைப்படாதீர்கள்’ என்ற புத்திமதி இல்லை. எந்த இடத்தில் காசு நழுவுகிறது, அங்கே என்ன செய்யலாம் என்பது மட்டும்தான்.

கீழே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் கடை விலையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில்: சாமானுக்கு உண்மையில் எவ்வளவு இருக்கிறது

2024இல் 1350 ரூபா ஆக்கப்பட்ட நாட்கூலியையே எடுப்போம். இருபது நாள் பேர் விழுந்தால் (வேலைக்குப் பதிவானால்) 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 கழிந்தால் 24,840. இதிலிருந்து இருபத்தைந்தாம் திகதி வாங்கிய அட்வான்ஸ், தீபாவளி முற்பணத் தவணை, சங்கச் சந்தா எல்லாம் போகும். மிஞ்சுவதை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, மின்சாரம், சீட்டு, பஸ் காசு ஆகியவற்றைக் கழியுங்கள். கடைசியாக நிற்பதுதான் சாமான் காசு.

இந்த எண்ணைக் கடைக்குப் போக முதல் எழுத வேண்டும். சம்பளக் காசு முழுவதும் மடியில் இருக்கும்போது 150 ரூபா சின்னத் தொகையாகத் தெரியும். சாமான் காசை மட்டும் தனிப் பையில் எடுத்துப் போனால் அதே 150 கனக்கும். பாங்குக்குப் போய்ச் சம்பளத்தையோ அரசாங்க உதவியான அஸ்வெசும காசையோ எடுத்துவிட்டு அப்படியே சூப்பர் மார்க்கட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

படி 1: எல்லாவற்றையும் நூறு கிராமுக்கு இறக்குங்கள்

பக்கட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுத் ‘தேறிய நிறை’ என்ற வரியைத் தேடுங்கள். விலையை நூறால் பெருக்கி, அந்த நிறையால் வகுங்கள். போனில் இருக்கும் கல்குலேட்டர் போதும்.

பால்மா 400 கிராம் 1,100 ரூபா என்றால் நூறு கிராம் 275. அதே பால்மா 20 கிராம் பக்கட் 70 ரூபா என்றால் நூறு கிராம் 350. இருபது சின்னப் பக்கட் வாங்கி முடிக்கும்போது 1,400 ரூபா போயிருக்கும். ஒரே பாலுக்கு 300 ரூபா கூடுதல்.

தேங்காயெண்ணெயிலும் இதே கதை. ஒரு போத்தல் என்பது 750 மில்லிலீற்றர். போத்தல் 675 ரூபாவாக இருக்கும்போது கால் போத்தல் 190 என்று அளந்து கொடுத்தால், நாலு தடவையில் 760. அதில் அளவுக் கோப்பையில் ஒட்டி நிற்பது வேறு. ‘போத்தல்’ என்று சொல்லி விற்கும் எல்லாமே 750 இல்லை. முத்திரையிட்ட போத்தலிலும் மில்லிலீற்றர் எண்ணைப் பார்த்த பிறகே விலையை ஒப்பிடுங்கள்.

பெரிய பக்கட்தான் எப்போதும் மலிவு என்றும் நம்ப வேண்டாம். ஷாம்பு போன்ற சிலவற்றில் சின்னச் சாசே மலிவாக வரும். ‘ஃபமிலி பக்’ என்று எழுதிய பிஸ்கட் சில நேரம் நூறு கிராமுக்குச் சாதாரணப் பக்கட்டைவிட விலை கூட. கணக்குப் போட்டால்தான் தெரியும். இன்னொன்று: விலையை ஏற்றாமல் நிறையைக் குறைப்பது வழக்கமான வேலை. 100 கிராம் இருந்த பக்கட் அதே நிறத்தில், அதே விலையில் 85 ஆகியிருக்கும். மாதம் ஒரு தடவை பழைய கவரையும் புதிய கவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாணுக்கு நிறைச் சட்டம் உண்டு. 2024 பெப்ரவரியில் வந்த வர்த்தமானிப்படி ஒரு றாத்தல் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும். காற்றடைத்த பாண் கையில் எடுத்தாலே தெரியும். தராசில் போடச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 2: சந்திக் கடையின் முன்பக்கத்தை வாசியுங்கள்

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) கிட்ட இருக்கும் ஒரு கடையின் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பெயர்ப்பலகையில் கடையின் பெயர் சின்னதாக, கம்பனியின் பெயர் பெரிதாக இருக்கும். பலகையைக் கொடுத்தது கம்பனி. கதவோரம் நிற்கும் கண்ணாடி பிரிஜும் பல இடங்களில் கம்பனி கொடுத்ததுதான். அதில் அவர்களுடைய போத்தல்தான் முன்னுக்கு நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிலையிலிருந்து தொங்கும் சரங்கள் பெரியவரின் நெற்றியில் இடிக்கும். கீழ்நுனி பிள்ளையின் கைக்கு எட்டும். ரொஃபி, ஜெலி, முறுக்குச் சரைப் போத்தல்கள் மேசை விளிம்பில். பருப்பு, கடலை, பயறு சாக்குகள் உள்ளே, இருட்டில், முதலாளியின் காலடியில். எவரும் விளம்பரம் செய்யாத சாமானுக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை.

முதலாளி கெட்டவர் என்பதல்ல இதன் பொருள். பன்னிரண்டு பெட்டி எடுத்தால் ஒன்று சும்மா என்று ஏஜன்ட் வண்டி கொடுக்கும்போது அந்தப் பன்னிரண்டையும் எப்படியாவது தள்ளவேண்டிய கட்டாயம் அவருக்கு.

இங்கே செய்ய வேண்டியவை:

- சாமானைப் பார்த்துக் கேட்காதீர்கள், தாளைப் பார்த்துக் கேளுங்கள். ‘பருப்பு அரைக் கிலோ, நெத்தலி நூறு கிராம்’ என்று நிறையில் கேளுங்கள். ‘நூறு ரூபாவுக்குப் பருப்பு’ என்று காசில் கேட்டால், விலை ஏறியதும் தெரியாது, நிறை குறைந்ததும் தெரியாது.
- பிள்ளையை அனுப்பினால் துண்டில் சாமான், கிராம், விலை, மிச்சக் காசு நான்கையும் எழுதுங்கள். ‘மிச்சம் காசாகத் தரவும்’ என்று கடைசியில் ஒரு வரி. மிச்சத்துக்கு ரொஃபி கொடுப்பது மலையகமெங்கும் நடக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து ரூபா என்றால் மாதம் 300. அது ஒரு கிலோ பருப்பு.
- அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்க எவருக்கும் உரிமையில்லை. ‘ஏற்றுக்கூலி கூட, மலைக்குக் கொண்டுவர வேண்டும்’ என்ற காரணம் செல்லாது.

பாண் ஆட்டோவை மறந்துவிடக் கூடாது. மெட்டுப் பாடிக்கொண்டு அது வரும் நேரத்தைக் கவனியுங்கள்: பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா கொழுந்து மலையிலிருந்து இறங்காத அந்த நடுவேளை, அல்லது இறங்கிக் களைத்து அடுப்பு மூட்டாத வேளை. கண்ணாடிக்குப் பின்னால் முன்வரிசையில் கிரீம் பனிஸ். றாத்தல் பாண் பின்னால். இதற்கு மருந்து ஒன்றுதான்: நாலு மணிக்குத் தின்ன வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும். காலையில் அவித்து வைத்த கடலையோ, மிஞ்சிய ரொட்டியோ, மரவள்ளியோ. பசித்த பிள்ளைக்கு விளம்பரத்தைப் பற்றி விளக்கம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

படி 3: கடன் கொப்பி

காசு நழுவும் பெரிய ஓட்டை இதுதான். அரிசியும் மாவும் தோட்டத்திலேயே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட காலத்தின் மிச்சம் இது என்றும் சொல்லலாம். கொப்பி மட்டும் துரையின் (தோட்ட மனேஜரின்) கந்தோரிலிருந்து கடைக்கு மாறியிருக்கிறது.

கொப்பியில் வாங்குகிறவர் விலை கேட்பதில்லை. கேட்டால் முகம் கோணும் என்ற பயம். விலை கேட்காத இடத்தில் விலை ஏறும். மாதம் 15,000 ரூபாவுக்குக் கொப்பி ஓடுகிறது, விலை நூற்றுக்கு ஏழு கூட என்று வையுங்கள்: 1,050 ரூபா. கிட்டத்தட்ட ஒரு பால்மா பக்கட். அதோடு, கொப்பி உள்ள கடையில் இல்லாத சாமானை வேறு கடையில் வாங்க முடியாது. பயறு கேட்டுப் போனவர் ‘பயறு முடிந்தது, நூடுல்ஸ் இருக்கு’ என்றதும் அதைப் பற்றில் போட்டுக்கொண்டு வருவார்.

ஒரேயடியாகக் கொப்பியைக் கிழிக்கப் போகாதீர்கள். நடுநிசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் திறக்கிறவர் அதே முதலாளிதான். படிப்படியாகக் குறையுங்கள்.

முதல் மாதம் உங்களிடமும் ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் திகதி, சாமான், கிராம், விலை. ‘முதலாளி, நானும் எழுதிக்கிறேன், மறந்து போயிடுது’ என்று சொன்னால் எவரும் கோபிக்க மாட்டார். இரண்டாம் மாதம் அரிசியை மட்டும் காசுக்கு எடுங்கள். மூன்றாம் மாதம் மாவும் பருப்பும். இவைதான் நிறை கூடிய சாமான். வித்தியாசம் இவற்றில்தான் தெரியும். கொப்பியில் உப்பு, சவர்க்காரம், அவசரத் தேவை மட்டும் நிற்கட்டும்.

அநேகர் வழுக்குவது இரண்டாம் மாதம். பத்தாம் திகதி பழைய பாக்கி முழுவதையும் கட்டிவிட்டுக் கை காலியாகி, பதினோராம் திகதி அரிசியையும் பற்றில் எடுக்க வேண்டிவரும். பாக்கியில் ஒரு பகுதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக் கேளுங்கள். ஒழுங்காகக் கட்டிவந்தவருக்கு அந்த நாணயம் இருக்கும்.

படி 4: டவுனுக்குப் போகிற நாள்

போக்குவரத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். இரண்டு பேர் பஸ்ஸில் போய், சாமானோடு ஆட்டோவில் திரும்ப 900 ரூபா ஆகிறது. டவுன் விலையில் மிச்சப்படுவது 1,050. மிச்சம் 150 ரூபாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். மூன்று வீட்டார் ஒரே ஆட்டோவில் வந்தால் கணக்கு வேறு. ஒருவர் போய் மூன்று வீட்டுக்கு வாங்கிவந்தால் இன்னும் நல்லது. தனியாகப் போய்ப் பிஸ்கட்டோடு வருவதைவிடச் சந்திக் கடையில் காசுக்கு வாங்குவதே மேல்.

அரசாங்கத்தின் ச.தொ.ச., கூட்டுறவுக் கடைகளில் முதலில் பாருங்கள். அரிசி, பருப்பு, சீனி, டின்மீன் இவற்றின் விலை பல நேரம் அங்கே குறைவு. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் போனால் தட்டு காலியாக இருக்கலாம்.

சூப்பர் மார்க்கட்டில் இதே பருப்பு நூறு கிராம் விலையில் சந்திக் கடையைவிட மலிவாக இருக்கக்கூடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பருப்புவரை நடக்கும் வழிதான் செலவு. நெஞ்சு உயரத்திலிருந்து கண் உயரம் வரையுள்ள தட்டில் விலை கூடிய பிராண்ட். கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவுச் சாமான் முழங்காலுக்குக் கீழே. குனியுங்கள். மூன்றடி உயரத்தில் கார்ட்டூன் படம் போட்ட பக்கட்டுகள். அது பிள்ளையின் கண் உயரம். வரிசை முடியும் மூலையில் கோபுரமாக அடுக்கியிருப்பதைக் கழிவு என்று மனம் எடுத்துக்கொள்ளும். பல நேரம் அது கழிவே இல்லை, அடுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். காசு கட்டும் இடத்தில் நிற்கும் ஐந்து நிமிடத்துக்காக சொக்கலட்.

தள்ளுவண்டி வேண்டாம், கைக்கூடை எடுங்கள். ஐந்து கிலோ அரிசி ஏறியதுமே கை வலிக்கும். அந்த வலி நல்லது.

‘மூன்று எடுத்தால் ஒன்று இலவசம்’ என்பதை இப்படிப் பாருங்கள். ஒரு பிஸ்கட் 150 ரூபா. மூன்று 450, கையில் நாலு, ஒன்று 112 ரூபா 50 சதம். மலிவுதான். ஆனால் தாளில் ஒன்றுதான் எழுதியிருந்தது. திட்டத்துக்கு மேல் போனது 300. நாலு பக்கட் வீட்டில் இருந்தால் நாலு நாளில் முடியும், ஒரு மாதத்துக்கு நிற்காது. கழிவை எடுக்கலாமா என்பதற்கு ஒரே கேள்வி: இது என் தாளில் இருக்கிறதா, கெடாதா? சவர்க்காரத்துக்கு ஆம். பிஸ்கட்டுக்கு இல்லை.

டேப் ஒட்டிக் கட்டிய ஜோடிப் பக்கட், இலவசக் கோப்பையோடு வரும் பால்மா ஆகியவற்றில் டேப்புக்குக் கீழே காலாவதித் திகதியைத் தேடுங்கள். மெதுவாக நகரும் சரக்கு இப்படித்தான் மலைக்கு ஏறும்.

படி 5: நிறப் பொட்டு

2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களில் சீனிக்கு நிறக் குறி கட்டாயம். நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2க்குக் கீழே பச்சை. பின்னர் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் குறி வந்தது. திண்ம உணவில் நூறு கிராமுக்கு 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 8க்குக் கீழே பச்சை.

மஞ்சளைப் பார்த்துப் பரவாயில்லை என்று நினைப்பதுதான் பொதுவான பிழை. 10 கிராம் சீனியுள்ள பானத்துக்கும் மஞ்சள்தான். 400 மில்லிலீற்றர் போத்தலில் அது 40 கிராம், எட்டுத் தேக்கரண்டி. தேத்தண்ணிக்கு எட்டுக் கரண்டி சீனி எவரும் போடுவதில்லை.

படத்தை விட்டுவிட்டு உள்ளடக்கப் பட்டியலின் முதல் மூன்று சொற்களைப் படியுங்கள். கூடுதலாக இருப்பது முதலில் எழுதப்படும். முன்னால் மாம்பழம், பட்டியலில் நீர், சீனி என்றால் அது சீனித் தண்ணீர். பால்மாவுக்குப் பக்கத்தில் அதே மாதிரிப் பையில் நிற்கும் தேத்தண்ணி வெள்ளையாக்கியில் ‘தாவரக் கொழுப்பு’ முன்னுக்கு வந்தால் அது பால் இல்லை. பிள்ளைக்குப் பாலென்று கரைத்துக் கொடுக்கக் கூடாது.

படி 6: பத்துக் கிராம் புரதம் என்ன விலை

2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார அளவையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். உயரத்தைக் காட்டித்தான் மோல்ட் பானமும் பால்மாவும் விற்கப்படுகின்றன. விளம்பரம் அந்தக் கவலையைத்தான் தொடுகிறது. ஆகவே கணக்கையும் அந்த இடத்திலேயே போடுவோம். (புரத அளவுகள் சுமாரானவை.)

பருப்பு, கிலோ 300: நூறு கிராமில் 24 கிராம் புரதம். பத்துக் கிராம் புரதம் ஏறக்குறைய 13 ரூபா.
சோயா மீட், 90 கிராம் 120 ரூபா: ஏறக்குறைய 27 ரூபா.
முட்டை 35 ரூபா, ஒன்றில் 6 கிராம்: 58 ரூபா.
பால்மா, 400 கிராம் 1,100: 110 ரூபா.
பிஸ்கட், 100 கிராம் 150, புரதம் 7 கிராம்: 214 ரூபா.

பால்மாவை நிறுத்தச் சொல்லவில்லை. சிறு பிள்ளைக்குக் கல்சியமும் வேண்டும். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் பால் தேத்தண்ணி ஊற்றுவதால் முடிந்துபோகும் பால்மாவைப் பிள்ளைக்கு மட்டும் என்று ஒதுக்கி, பெரியவர்கள் பிளேன்டீக்கு மாறினால், ஒரு பக்கட் மிஞ்சும் காசில் முப்பது முட்டை வரும். தனிப் பருப்பைவிட, ரொட்டியோடோ சோறோடோ பருப்பு சேர்ந்தால் புரதம் நன்றாக உடம்பில் சேரும். சோயா மீட்டின் உள்ளே வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம். பாதித் தூள் போட்டால் போதும். கர்ப்பிணிகளுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் குடும்பநல உத்தியோகத்தர் கொடுக்கும் திரிபோஷவை எல்லாருக்கும் பகிராமல் உரியவருக்கே கொடுங்கள். அது இனாமாக வரும் புரதம்.

படி 7: பங்கு போட்டு வாங்குதல்

ஐந்து வீடு சேர்ந்தால் மொத்தக் கடைக்குப் போகலாம். 25 கிலோ மா மூட்டை 4,250 என்றால் கிலோ 170, சில்லறை 190. மிச்சம் 500. பருப்பு 10 கிலோவில் கிலோவுக்கு 35 குறைந்தால் 350. மொத்தம் 850, ஏற்றுக்கூலி 300 போக 550. வீட்டுக்கு 110 ரூபா. இது பெரிய லாபமில்லை, சொல்லிவிட வேண்டும். சின்னப் பக்கட்டையும் கொப்பி விலையையும் விட்டால் கிடைப்பது இதைவிடக் கூட. அவற்றை முடித்த பிறகே இதற்கு வாருங்கள்.

பங்கு பிழைப்பது இரண்டு காரணத்தால். ஒன்று, கோப்பையால் அளந்து பிரிப்பது. சமையல் தராசு ஒன்று ஐந்து வீட்டுக்கும் பொதுவாக வாங்குங்கள். மற்றது ஈரம். மழைக்காலத்தில் லயக் காம்பராச் சுவர் வியர்க்கும். நிலத்தில் வைத்த மா கட்டிப்படும், வண்டு விழும், திறந்த பால்மா கல்லாகும். மூடி இறுகும் டின்னில், பலகைக்கு மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் போகுமளவு மா எடுக்காதீர்கள்.

விலையோ நிறையோ திகதியோ பிழைத்தால்

பில் கேட்டு வாங்குங்கள். கையால் எழுதியதானாலும் திகதி, கடைப் பெயர், சாமான், விலை இருக்கட்டும். உச்ச சில்லறை விலைக்கு மேல் எடுத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். காலாவதியான, வண்டு விழுந்த, ஊதிய டின் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சாமானையே காட்ட வேண்டும். கவரை எறிந்துவிட்டால் தொகுதி எண்ணும் திகதியும் போய்விடும். கவரையும் பில்லையும் ஒன்றாக மடித்துப் போனில் படம் எடுத்த பிறகே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.